பதினோராவது கேள்வி

அத்தியாயம் பன்னிரண்டு

கன்னியம்மாவின் மீன் கூடையிலிருந்து பச்சைக் காகிதக் கட்டு ஒன்றை ஊர்த் தலைவரின் ஆட்கள் எடுத்துக்கொண்டு போனார்கள் அல்லவா? அது இன்னும் திரும்பி வரவில்லை.

இன்று வியாழக்கிழமை. மாலை நான்கு மணிக்குள் அந்தக் காகிதங்கள் திருவொற்றியூரில் பழைய அரிசி மண்டியின் மாடியில் இருக்கும் பயிற்சிக்கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு மாதமாகத் தொழில் தொடங்கப் பயிற்சி எடுத்த முப்பத்திரண்டு பெண்களில் ஆறு பேருக்கு விம்கோ நகர் மெட்ரோ பக்கத்தில் கடை கிடைக்கும். காகிதங்கள் சேர்ந்தால் அந்த ஆறு பேரில் கன்னியம்மாவும் ஒருத்தியாக இருப்பாள். சேராவிட்டால் மறுபடி கூடை, மறுபடி தெரு, மறுபடி "இன்னாமே, இது நேத்து மீனா, முந்தாநேத்து மீனா?"

கன்னியம்மாவின் கணவர் ராமதாசுக்கு ஐம்பத்திரண்டு வயது. காத்திவாக்கம் குப்பத்தில் ஒரு பைபர் படகுக்குச் சொந்தக்காரர். சந்தேகப்படுவதில் அவருக்கு எண்ணூர் முதல் ராயபுரம் வரை ஈடு கிடையாது. ஒருமுறை நடுக்கடலில் இரண்டு பனை உயரத்துக்கு ஒரு திமிங்கலம் எழுந்து நின்றதாம். படகில் இருந்த மற்ற மூவரும் சாமி பெயரைச் சொல்லிக் கும்பிட, ராமதாஸ் மட்டும் அதன் கண்ணைப் பார்த்து, "உன்ன இங்க அனுப்பினது யாரு?" என்று கேட்டார். திமிங்கலம் பதில் சொல்லாமல் முழுகிவிட்டது. அதிலிருந்து அவருடைய சந்தேகம் உறுதியாகிவிட்டது.

அப்படிப்பட்டவரின் மனைவி, வாரத்தில் மூன்று நாள் பகலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, நோட்டும் பேனாவுமாக வகுப்புக்குப் போனால் என்ன ஆகும்? மூன்றாவது வாரம் அவள் ஒரு கட்டுப் பச்சைக் காகிதத்தோடு வந்து வீடு வீடாகக் கேள்வி கேட்கத் தொடங்கினாள். ராமதாஸ் அன்றைக்கே தன் தோஸ்து மொஹ்சினின் டீக்கடைக்குப் போய், "அந்தப் பேப்பரப் பாத்தா சர்வே பேப்பரு மாதிரி கீது" என்று ஒரே ஒரு வரி சொன்னார். அதைத் தவிர ஒரு பாவமும் அறியார்.

அந்த வரி அன்று மாலையே எண்ணூரில் ரயில் ஏறியது. ராயபுரத்தில் இறங்கி, டீ குடித்து, காசிமேட்டில் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு, மூன்றாம் நாள் ராமதாஸ் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. அதற்குள் நன்றாக வளர்ந்து மீசை வைத்திருந்தது. முந்நூறு வீட்டை இடிக்கப் போகிறார்கள், கணக்கெடுப்பது கன்னியம்மா, ஏவிவிட்டது ஏதோ ஒரு கம்பெனி. ராமதாசுக்கே அது தன் வரி என்று அடையாளம் தெரியவில்லை. பயந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு, தானும் அதை நம்பத் தொடங்கினார்.

* * *

காலை ஏழரை மணி. உள்ளே மகன் திலீப் கன்டெய்னர் யார்டில் நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தான். மகள் மலர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ராயபுரத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. அதனாலோ என்னவோ, யாரிடம் எதைக் கேட்டாலும் முதலில் நரம்பைத் தேடிப் பிடித்துவிட்டுத்தான் கேட்பாள்.

"நைனா, மெய்யச் சொல்லு. அம்மா பேப்பரப் பத்தி யார்கிட்டயாச்சும் எதுனா சொன்னியா?"

"நான் இன்னாத்துக்குச் சொல்லப்போறேன்?"

"அப்போ ஏன் இட்லியவே பாத்துகினு பேசுற?"

"இட்லி மேல ஒரு டவுட்டு."

மலர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "ஊர்ல யாரோ ஒருத்தர் வாய வெச்சிருக்காங்க. அது யாருன்னு மட்டும் தெரியட்டும்."

"தெரிஞ்சா இன்னா பண்ணுவ?"

"பெரிய ஊசியா பாத்து எடுத்துகினு வருவேன்."

கன்னியம்மா இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. அடுப்பை அணைத்தாள், முடியை முடிந்தாள், காது கம்மலைத் திருகிச் சரிசெய்தாள். நாள் கணக்கில் ஓடியோடிச் சேர்த்ததை ஊர் பிடுங்கி வைத்திருக்கிறது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, ஒரு வசவு இல்லை. ராமதாசுக்கு அதுதான் மிகவும் சந்தேகமாக இருந்தது.

"பதினோரு மணிக்கு வலக்கூடத்துல ஊர்க்கூட்டம், கூப்டுகிறாங்க" என்றாள். "நீ வர்றியா? இல்ல உனக்கு வேற வேல கீதா?"

"வர்றேன். அதுக்கு முன்னால ஒரு ஜோலி கீது."

"இன்னா ஜோலி?"

"ஜோலின்னா ஜோலி."

கன்னியம்மா அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவரைப் பார்க்கும் பார்வை அது.

* * *

ஜோலி சாத்தாங்காட்டில் இருந்தது. அங்கே இரும்புச் சந்தையில் ஆறுமுகநயினார் அண்ணாச்சி கம்பிக்கடை வைத்திருக்கிறார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வாரத்தில் மூன்று நாள் மத்தியானம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, அரிசி மண்டி மாடியில் பெண்களுக்கு வியாபாரம் சொல்லிக்கொடுக்கிறார். சம்பளம் கிடையாது. கேட்டவுடனே ராமதாசுக்குப் பொறி தட்டிய இடம் இதுதான்.

இரும்புச் சந்தை ரகசியம் பேச ஏற்ற இடம். ஒரு பக்கம் கம்பி அறுக்கும் மெஷின், இன்னொரு பக்கம் லாரியிலிருந்து தகடு விழும் சத்தம். பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. பல நேரம் பேசியவருக்கே கேட்காது. அங்கே ஒருவர் பெண் கேட்கப் போய், இரண்டு டன் தகடு வாங்கி வந்ததாகச் சொல்வார்கள். தகடு நல்ல தகடு என்பதால் திருப்பித் தரவில்லை.

"கன்னியம்மா வீட்டுக்காரரா? வாங்க, வாங்க. உக்காருங்க. டீ சொல்லட்டா?"

"டீயெல்லாம் வாணாம்."

டீ வந்தது. ராமதாஸ் தன் முன்னால் இருந்த கிளாசை எடுத்து அண்ணாச்சியின் பக்கம் வைத்து, அண்ணாச்சியின் கிளாசைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அண்ணாச்சி இரண்டையும் மறுபடி மாற்றி வைத்தார்.

"அது சீனி போடாதது அண்ணே. எனக்கு சுகர் உண்டு."

ராமதாஸ் இரண்டு கிளாசையும் தொடவில்லை.

"நேரா கேக்குறேன் அண்ணாச்சி. வேபாரம் தெரிஞ்சவன் எவனாச்சும் அத்த சும்மா கத்துக்குடுப்பானா? உங்களுக்கு இதுல இன்னா கெடைக்குது?"

அண்ணாச்சி சிரித்தார். பக்கத்தில் ஒரு தகடு விழுந்ததால் சிரிப்பின் பின்பாதி கேட்கவில்லை.

"இதே கேள்விய மொத நாளு கிளாஸ்ல உங்க வீட்டம்மா கேட்டாக. முப்பத்திரண்டு பேருல கேட்டது அவுக ஒராளுதான். இந்தம்மா கட போட்டுரும்னு அன்னைக்கே நெனச்சேன்."

"பதில் வரலியே."

"சொல்லுதேன். எங்கய்யா இங்க கட போட்டப்பம் அக்கம்பக்கத்துல ஒரு கட கெடயாது. ஒத்தக் கடைக்கு எவன் வாரான்? கம்பி வேணும்னா டவுனுக்குல்லா போவான். எங்கய்யா நாலு பேரக் கூட்டிவந்து, தொழிலச் சொல்லிக்குடுத்து, எதிர்க்கவே கட வைக்கச் சொன்னாரு. கிறுக்கன்னாக. அஞ்சு கட ஆனதும் ஆளு வந்துட்டு. போட்டிக்கு ஆள் இருந்தாத்தான் அண்ணே எடத்துக்கு ஒரு பேரு வரும். நாளைக்கு உங்க வீட்டம்மாவும் அவுக கூட்டாளிகளும் கட போட்டா, கடைக்கு ஷெட்டு வேணும். ஷெட்டுக்குக் கம்பி வேணும். எங்கிட்ட வராம எங்க போவாக?"

"கேக்க நல்லாத்தான் கீது" என்றார் ராமதாஸ். கேட்க நன்றாக இருப்பதுதான் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "சரி. வூட்டுக்கு வூடு போயி, 'இந்த எடத்த வுட்டுப் போனா எங்க போவீங்க, எத்தினி பேர் போவீங்க'ன்னு கேக்கச் சொன்னது எந்தக் கம்பெனி?"

அண்ணாச்சி மேஜையைத் திறந்து, எழுதாத பச்சைக் காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். ராமதாஸ் அதை முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பின்புறம் எதுவும் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு படித்தார். வீட்டில் எத்தனை பேர். மீன் வாங்குவது எத்தனை மணிக்கு. வீட்டில் மீன் வெட்டுவது யார். வெட்டிக் கழுவி மசாலா தடவிக் கொடுத்தால் வாங்குவீர்களா. சாயங்காலம் வேலை முடிந்து வரும் வழியில் கிடைத்தால் வாங்குவீர்களா. இப்படிப் பத்து. அதற்குக் கீழே எண் போட்ட ஒரு கோடு வெறுமனே கிடந்தது.

"வாங்குறவன் மனசு தெரியாம கட போடக் கூடாதுல்லா, அதுக்குத்தான் இது. பத்து நாங்க அச்சடிச்சது. பதினொண்ணாவது அவுகவுக மனசுல கெடக்குற கேள்வி. இட்லிக்கட போடப்போற அம்மா ஒண்ணு எழுதும், தையக்கட போடப்போற பிள்ள ஒண்ணு எழுதும். உங்க வீட்டம்மா என்ன எழுதுனாகன்னு நேத்துதான் எனக்கே தெரியும்."

"அப்போ இத்தக் கேக்கச் சொன்னது யாரும் இல்லியா?"

"அவுக மனசுதான்."

சாத்தாங்காட்டுக்கு வரும்போது ராமதாசின் சந்தேகம் ஒரு கம்பெனியின் மேல் இருந்தது. திரும்பும்போது அது கம்பெனியை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் அவருக்குப் பக்கத்திலேயே இடம்பிடித்து, வீட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. இங்கிருந்து போனால் எங்கே போவீர்கள்? இருபத்தேழு வருடம் ஒரே கூரையில் குடித்தனம் நடத்தியவள் மனதில் கிடக்கிற கேள்வியா இது?

* * *

வலை பின்னும் கூடத்தில் உட்கார இடமில்லை. குப்பத்து ஆட்களும் வந்திருந்தார்கள். பின்னால் நான்கு தெருவில் குடியிருப்பவர்களும் வந்திருந்தார்கள். நான்கு தெருக்காரர்களும் ஒரு காலத்தில் கடலுக்குப் போனவர்கள்தான். கம்பெனி வேலைக்குப் போனதிலிருந்து மீனை விலைக்கு வாங்குகிறார்கள், கடலுக்குப் போகிறவனை விடக் கறாராகக் குறை சொல்கிறார்கள். கன்னியம்மாவின் வாடிக்கை அவர்கள்தான்.

பேனா பிடித்தவரைக் கண்டால் இந்த ஊருக்கு ஆகாது. அதற்குக் காரணம் உண்டு. முதல் வருடம் ஒருவர் பேனாவோடு வருவார், சிரித்துப் பேசுவார், மோர் குடிப்பார். அடுத்த வருடம் அளவுச் சங்கிலி வரும். அதற்கடுத்த வருடம் வேலி வரும். நேற்று வரை இறால் பிடித்த இடம் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும். இப்படி ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை பார்த்தவர்கள். இப்போது பேனா பிடித்து வந்திருப்பது சொந்த ஊர்ப் பெண். தப்பு என்று கூட்டம் சொல்லிவிட்டால், காகிதங்கள் அடுப்புக்குப் போகும்; ஒரு மாதத்துக்கு ராமதாசின் படகு மணலை விட்டு இறங்க முடியாது.

ஊர்த் தலைவர் ஜெயக்கொடி காகிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ஒரு நாள் வீட்டில் மனைவியிடம் "உப்பு" என்று கேட்டதற்கு, காசிமேட்டிலிருந்து ஒருவன் மூட்டையோடு வந்து இறங்கினானாம்.

"கன்னிமா! நீ நம்ம பொண்ணு. ஒயுங்கா பதில் சொல்லு. எங்க போவீங்க, எத்தினி பேர் போவீங்கன்னு நாப்பது வூட்ல எழுதி வாங்கிகீற. எதுக்கு?"

"மீனு விக்க."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பிப் பாதியில் நின்றது.

"மீனு விக்கிறவ எத்தினி கிலோன்னு கேளு. எங்க போவன்னு ஏன் கேக்குற?"

"தலைவரே, இந்த நாலு தெருவுல இருவது வருசமா கூட தூக்குறேன்." கன்னியம்மா எழுந்து நின்றாள். "போன வருசம் மட்டும் அஞ்சு வூடு பூட்டிகிச்சு. ஒருத்தரும் சொல்லிகினு போகல. நான் பாட்டுக்குக் கதவாண்ட நின்னு மீனே மீனேன்னு கூவிகினு கீறேன், உள்ள ஒரு பூனகூட இல்ல. இப்ப கட போடப் போறேன். யாருக்கு வெட்டி வெக்கிறது? யாரு இங்க இருப்பா, யாரு எந்தப் பக்கம் போவான்னு எனக்குத் தெரிய வாணாமா?"

"எத்தினி பேருன்னு இன்னாத்துக்கு?"

"ஆம்பள ஷிப்டுக்காக இங்கியே தங்கிடுறான். பொம்பளையும் புள்ளைங்களும் மட்டும் கம்பெனிப் புகைக்குப் பயந்து வேற ஊருக்குப் போவுதுங்க. நாலு பேரு துன்ற வூடு வாங்குற மீனு வேற, ஒத்த ஆம்பள பொங்கித் துன்ற வூடு வாங்குற மீனு வேற. அந்த ஒத்த ஆம்பளைக்கு வெட்டிக் கழுவிக் குடுத்தா கண்ண மூடிகினு வாங்குவான். இத்தக் கேக்காம கட போட்டா, நான் நெத்திலிய நானேதான் துன்னணும்."

பெண்கள் பக்கத்திலிருந்து பூமாரி என்பவள், "அது மெய்தான்" என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி, நான் ஒண்ணு கேக்குறேன்" என்றாள் கன்னியம்மா. "இது சர்வே பேப்பருன்னு சொன்னது யாரு?"

"ஊரே சொல்லுது!"

"ஊருக்குச் சொன்னது யாரு?"

ஓரத்தில் டீ கேனோடு நின்ற மொஹ்சின் கேனின் மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி ராமதாசைப் பார்த்தார். ராமதாஸ் தன் பார்வையை வைக்க ஓர் இடம் தேடினார். கூரையில் வைத்தார், ஒட்டடை இருந்தது. தரையில் வைத்தார், மலர் தைக்கச் சொன்ன செருப்பு இருந்தது. கடைசியில் அது போய் நின்ற இடம் ஜெயக்கொடியின் வெள்ளைச் சட்டைப் பை. அங்கே ஒரு பச்சை மூலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

சந்தேகக்காரனுக்கும் ஒரு நாள் வேலை வரும்.

"மாமு" என்றார் ராமதாஸ். "மடியில எத்தினி பேப்பரு கீது?"

"நாப்பது. நான்தான் சொன்னேனே."

"எண்ணு."

"என்னையே சந்தேகப்படுறியா?"

"உன்ன மட்டும் வுட்டுட்டா நீ கோச்சிக்க மாட்டியா மாமு?"

கூட்டம் சிரித்தது. ஜெயக்கொடி எச்சில் தொட்டு எண்ணினார். சரியாக நாற்பது. எண்ணி முடித்து, வெற்றியோடு நிமிர்ந்தார்.

"பாத்துக்கோ! நாப்பது!"

"அப்போ உன் பாக்கெட்டுல கீறது நாப்பத்தொண்ணாவதா?"

ஜெயக்கொடியின் கை சட்டைப் பையை மூடியது. மூடிய பிறகுதான் அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்தது.

"இது... காத்துல பறந்துச்சு. எடுத்து வெச்சேன்."

"யாரு வூட்டுப் பேப்பரு? படி தலைவரே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "ஆமா, படி, படி!" என்று பத்துக் குரல்.

கன்னியம்மா நேராக நடந்து போய்க் கையை நீட்டினாள். "யாரு வூட்டுதும் படிக்க மாட்டேன், யாரையும் படிக்க வுடவும் மாட்டேன். வெளிய சொல்ல மாட்டேன்னு சொல்லித்தான் எழுதி வாங்குனேன். படகு நின்னா நிக்கட்டும். குடு தலைவரே."

அந்த நாற்பது வீட்டுக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் எந்த ஊர் பெயரை எழுதியிருப்பான் என்ற யோசனை ஒவ்வொரு முகத்திலும் ஓடியது.

காகிதம் கை மாறியபோது ராமதாசின் கண்ணில் இரண்டே சொற்கள் பட்டன. பொன்னேரி. ஐந்து பேர். தலைவர் வீட்டம்மாவின் குண்டு குண்டான எழுத்து.

"கூட்டம் முடிஞ்சிச்சு," என்றார் ஜெயக்கொடி. "பொம்பளைங்க மீனு விக்கிறதுல ஊருக்கு இன்னா வேல? எல்லாரும் போய் பொயப்பப் பாருங்க."

வாழ்க்கையில் முதல் முறையாக அவர் மெதுவாகப் பேசினார்.

* * *

மூன்று மணிக்கு ஷேர் ஆட்டோ. அதில் ஏழு பேர் உட்காரலாம், பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டாவதாக ஒருவர் இருந்தது அவர் இறங்கிய பிறகுதான் டிரைவருக்கே தெரிந்தது. அந்த நெருக்கத்திலும் ராமதாசுக்கும் கன்னியம்மாவுக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடைவெளி இருந்தது.

"சர்வேன்னு சொன்னது நீதான்னு எனக்கு மொத நாளே தெரியும்" என்றாள் கன்னியம்மா, ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"மொஹ்சின் சொன்னானா?"

"அவன் ஏன் சொல்லணும்? ஊர்ல அத்தினி சந்தேகம் வேற யாருக்கு வரும்?"

"தெரிஞ்சிகினே ஏன் கம்முனு இருந்த?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். வலக்கூடத்துலயும் பாத்தேன்."

ஒரு கன்டெய்னர் லாரி கடந்து போனது. அது முழுதாகக் கடந்து போக இரண்டு பஸ் ஸ்டாப் ஆனது.

"நான் ஒண்ணு கேக்கவா?" என்றார் பிறகு. "நாப்பது வூடுன்னா நாப்பது பேப்பரு. நாப்பத்தொண்ணு எப்டி வந்துச்சு?"

"ஒண்ணு கெட்டுப்போனா இருக்கட்டும்னு வெச்சது. எழுதாத பேப்பரு."

சட்டென்று வந்த பதில். யோசிக்காமல் வரும் பதிலை ராமதாஸ் எப்போதும் நம்பியதில்லை.

மண்டி வாசலில் இறங்கும்போது மணி மூன்றே முக்கால். மாடிப்படியில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். முதலில் வருகைப் பதிவில் கையெழுத்து, அப்புறம்தான் காகிதம் வாங்குவார்களாம். கன்னியம்மா கட்டை ராமதாசின் கையில் வைத்தாள்.

"புடிச்சிகினு இரு. கையெழுத்துப் போட்டுட்டு வர்றேன்."

சந்தேகத்தையே சாப்பிட்டு வளர்ந்த மனிதன் கையில் இதைக் கொடுத்துவிட்டுப் போவாளா ஒருத்தி? மறந்து கொடுத்தாளா? தெரிந்தே கொடுத்தாளா? அவருக்கு முதல் சந்தேகம் அதுதான்.

அவள் தலை மறைந்ததும் எண்ணினார். நாற்பத்தொன்று. வெற்றுக் காகிதம் ஒன்றுகூட இல்லை. கடைசிக் காகிதத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதிய எழுத்து. மளிகைச் சீட்டில் இருபத்தேழு வருடமாக அவர் பார்க்கும் எழுத்து. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

கதவு எண், அவருடைய வீட்டுக் கதவு எண்.

வீட்டில் எத்தனை பேர்? நான்கு.

மீன் வெட்டுவது யார்? நான்.

வெட்டிக் கழுவிக் கொடுத்தால் வாங்குவீர்களா? எனக்கு யார் வெட்டித் தருவார்கள்.

ராமதாஸ் அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பதினோராவதுக்கு இறங்கினார்.

இந்த இடத்தை விட்டுப் போவதாக இருந்தால் எங்கே போவீர்கள்? மீஞ்சூர். வீடு பார்த்தாகிவிட்டது.

எத்தனை பேர்? மூன்று.

மேலேயிருந்து அண்ணாச்சி குரல் கொடுத்தார். "நாலு ஆவப்போவுதும்மா. பேப்பர் இல்லாதவுக பேர அடிச்சிருவேன், பொறவு வருத்தப்படக் கூடாது!"

ராமதாஸ் கட்டைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். வாசலுக்கு வெளியே திருவொற்றியூர் முழுதும் திறந்து கிடந்தது. ஐந்து நிமிடம் எங்காவது ஒரு சந்தில் போய் நின்றால் போதும். கடையும் இல்லை, மீஞ்சூரும் இல்லை. யாரும் சந்தேகப்படக்கூட மாட்டார்கள். சந்தேகப்படுகிற ஒரே ஆள் அவர்தான்.

படியேறினார். ஒவ்வொரு படியும் அவரை ஏன் என்று கேட்பது போலிருந்தது. மேலே பதிவேட்டின் பக்கத்தில் நின்ற கன்னியம்மாவிடம் நாற்பத்தொன்றையும் அடுக்குக் கலையாமல் கொடுத்தார்.

அவள் கடைசிக் காகிதத்தைத்தான் முதலில் புரட்டிப் பார்த்தாள்.

"படிச்சியா?"

"எண்ணுனேன்."

"எண்ணுறதுக்கு எவன்யா கண்ணாடி போடுவான்?"

அவர் கை மூக்குக்குப் போனது. கண்ணாடி அங்கேயே இருந்தது.

கன்னியம்மா எதையோ சொல்ல வாயெடுத்தாள். "காத்திவாக்கம் கன்னியம்மா!" என்று உள்ளேயிருந்து பெயர் கூப்பிட்டார்கள். அவள் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

ராமதாஸ் இறங்கி வந்து மண்டி வாசலில் நின்றார். இடது கையை முகத்துக்கு நேராகப் பிடித்து ஒவ்வொரு விரலாக நீட்டினார். கன்னியம்மா. மலர். திலீப். நான். நான்கு விரல்கள் நின்றன. மூன்று ஆக்க வேண்டுமென்றால் ஒன்றை மடக்க வேண்டும்.

எதை மடக்குவது என்று பார்த்தபடி, நான்கையும் நீட்டிக்கொண்டு நின்றார்.